அலுமினியப் படகும் ஏரி அலையும்: வாசகர் கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஏரிகளில் பனிக்கட்டி விலகியதும் படகு பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த இதழில் 14 முதல் 18 அடி வரையான திறந்த அலுமினியப் படகுகள் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தைக் கடையார் என்றும் இலங்கையில் நம் கரையோரத்தில் சொல்வதையே இங்கும் வைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஊரில் 18 அடி ஃபைபர் படகில் ஒரு மீற்றர் அலையைப் பெரிதாக எடுத்ததில்லை. இங்கே சிம்கோ ஏரியில் அதே ஒரு மீற்றர் அலை என் 16 அடி அலுமினியப் படகைத் தூக்கித் தூக்கி அடிக்கிறது. ஏன்? (பிக்கரிங் வாசகர்)

பதில்: உயரத்தை மட்டும் பார்த்தால் இது விளங்காது. படகை நிறுத்திவிட்டு, ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். ஓடும்போது எண்ணினால் கணக்குப் பிழைக்கும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1.56 ஆல் பெருக்கினால், ஆழமான நீரில் அலையின் நீளம் மீற்றரில் வரும். திறந்த கடலில் 8 செக்கன் அலை என்றால் நீளம் 100 மீற்றர். சிம்கோவில் காற்று எழுப்பும் 3 செக்கன் அலையின் நீளம் வெறும் 14 மீற்றர். கடலலையில் படகு ஒரு மீற்றர் ஏற 50 மீற்றர் தூரம் கிடைக்கிறது; இங்கே 7 மீற்றருக்குள் ஏறி, அடுத்த 7 மீற்றருக்குள் இறங்க வேண்டும். உங்கள் படகே 4.9 மீற்றர். ஒரு முகட்டைத் தாண்டிய அணியம் நிமிருமுன் அடுத்த அலை வந்து நிற்கிறது.

ஆழம் குறைந்தால் இன்னும் மோசம். நீரின் ஆழம் அலை நீளத்தின் பாதிக்குக் கீழே போனதும் அலை அடித்தரையை உணரத் தொடங்கும். நீளம் சுருங்கி, சரிவு செங்குத்தாகும். சிம்கோவின் ஆகக்கூடிய ஆழம் கெம்பன்ஃபெல்ட் குடாவில் 41 மீற்றர் வரை போனாலும் தெற்கே குக்ஸ் குடா ஆழம் குறைந்தது. வடகாற்று ஏரியின் முழு நீளத்தையும் கடந்து வந்து அங்கேதான் அலையைக் குவிக்கிறது. ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீற்றர்தான்; அதன் மேற்குப் பகுதியில் 7 மீற்றர் சொச்சம். அந்த ஏரிக்கு வந்த கெட்ட பெயருக்கு இதுதான் காரணம். நயாகரா ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் வாயிலும் இதே நிலைதான். வெளியே பாயும் நீரோட்டத்தை வடகாற்று எதிர்க்கும்போது அலை சுவர்போல எழும்பும்.

மற்றக் காரணம் எடை. அலுமினியப் படகு இலேசானது. அதனால்தான் சிறிய காரும் அதை இழுக்கிறது. ஆனால் இலேசான படகை அலை தூக்குவதும் காற்று தள்ளுவதும் சுலபம்.

கேள்வி: அலைக்கு எதிராகப் போகும்போது என்ன வேகம்? கரைக்குத் திரும்பும்போது அதே வேகம் சரியா? (ஸ்காபறோ வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு வேலை.

எதிரலைக்கு: 16 அடிப் படகுக்கு இரண்டு நல்ல வேகங்கள் உண்டு. அலை அரை மீற்றர் அளவில் இருந்தால் படகு நீர்மேல் எழுந்து ஓடும் ஆகக் குறைந்த வேகம், மணிக்கு 20 முதல் 25 கிலோமீற்றர். அலை அதற்கு மேல் போனால் 8 முதல் 10 கிலோமீற்றர். இரண்டுக்கும் நடுவே 15 கிலோமீற்றரில் போவதுதான் பலர் செய்யும் பிழை. அந்த வேகத்தில் அணியம் வானத்தைப் பார்க்கும், கடையார் தாழும், முன்னால் வரும் அலை உங்களுக்குத் தெரியாது. மோட்டாரின் ட்ரிம், அதாவது அதன் சாய்வு, முழுவதும் உள்ளே, படகை ஒட்டியே இருக்கட்டும். அணியம் தாழ்ந்து அதன் கூரான பகுதி அலையை வெட்டும். ட்ரிம்மை வெளியே விட்டால் தட்டையான அடிப்பகுதி அலைமேல் விழுந்து அடிக்கும். முதுகு வலியும், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகள் தளர்வதும் அந்த அடியால்தான். ஆட்களில் ஒருவரை நடு இருக்கைக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். அணியத்தின் நுனியில் யாரையும் இருத்த வேண்டாம்.

அலையை நேருக்கு நேர் எடுக்காமல் 30 முதல் 45 பாகை சரிவாக எடுங்கள். அப்போது படகுக்கு அலை நீண்டதாகிவிடும். முகட்டுக்கு ஏறும்போது கொஞ்சம் வேகம் கொடுத்து, முகட்டைத் தாண்டும்போது குறைத்து, இறங்கியதும் மறுபடி கொடுக்க வேண்டும். வேகம் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை விட்டுக் கை எடுபடவே கூடாது.

பின்னலைக்கு: இங்கே அலையின் வேகம் தெரிய வேண்டும். அலை இடைவெளி 3 செக்கன் என்றால் அலை மணிக்கு ஏறக்குறைய 17 கிலோமீற்றரில் ஓடுகிறது; 4 செக்கன் என்றால் 22. நீங்கள் 9 கிலோமீற்றரில் போனால் ஒவ்வொரு அலையும் பின்னாலிருந்து உங்களைப் பிடிக்கும். அதிவேகமாகப் போனால் நீங்கள் முகட்டைத் தாண்டி முன்னால் உள்ள பள்ளத்தில் அணியத்தைக் குத்துவீர்கள். அணியம் சிக்கிக்கொள்ள, கடையார் பக்கவாட்டில் சுழன்று படகு அலைக்குக் குறுக்கே கிடக்கும். கவிழ்வது அந்த நேரத்தில்தான். ஆகவே முன்னால் போகும் ஓர் அலையின் முதுகைப் பிடித்து, அதன் வேகத்திலேயே போங்கள். ட்ரிம்மைக் கொஞ்சம் வெளியே விட்டு, முன்னால் இருப்பவரைப் பின்னுக்கு வரச்சொல்லி, அணியத்தை இலேசாக்குங்கள். எதிரலைக்கு வைத்த ட்ரிம்மை மாற்ற மறந்து திரும்பி ஓடுவது ஆபத்தான மறதி.

பக்கத்து அலை: போக வேண்டிய இடம் அலைக்குக் குறுக்கே இருந்தால் நேராகப் போகாதீர்கள். கொஞ்சத் தூரம் எதிரலையைச் சரிவாக எடுத்து, பிறகு திரும்பி பின்னலையைச் சரிவாக எடுத்து, வளைந்து வளைந்து போய்ச் சேருங்கள். திரும்பும் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். பெரிய அலைகள் சில சேர்ந்தே வரும். அவை கடந்ததும் சற்று ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில், பள்ளத்தில் வைத்து, வேகம் கொடுத்துச் சட்டென்று திருப்புங்கள்.

கேள்வி: நல்ல வேகத்தில் வந்து மீன் பிடிக்கும் இடத்தில் நிறுத்தினேன். பின்னால் இருந்து ஒரு அலை ஏறி உள்ளே விழுந்தது. காற்றே இல்லை. எங்கிருந்து வந்தது? (ஏஜக்ஸ் வாசகர்)

பதில்: அது உங்கள் படகே எழுப்பிய அலை. ஓடும் படகு நின்றாலும் அதன் பின்னால் வரும் அலை நிற்காது. திராட்டிலை ஒரேயடியாக மூடினால் கடையார் கீழே அமரும், அலை வந்து அதன்மேல் ஏறும். வேகத்தை மூன்று நான்கு செக்கனில் படிப்படியாகக் குறையுங்கள், அல்லது குறைத்துக்கொண்டே சற்று வளைந்து திரும்புங்கள்.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நீட்ட விரும்புகிறோம். திறந்த படகில் தண்ணீர் புகுவது அதிகமும் கடையாரால்தான். உங்கள் படகில் பின்னால் என்ன எடை இருக்கிறது என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறக்குறைய 100 கிலோ. ஒரு பெரிய பற்றரி 25 கிலோ. சிலர் இரண்டு வைத்திருக்கிறார்கள். 25 லீற்றர் பெற்றோல் 18 கிலோ. கைப்பிடி மோட்டார் என்றால் ஓட்டுபவரும் பின்னால்தான், 80 கிலோ. இருநூறு கிலோவைத் தாண்டிவிட்டது. மோட்டார் மாட்டும் பின்பலகை 15 அங்குலமா 20 அங்குலமா என்பது இங்கேதான் வித்தியாசம் காட்டும். திறந்த ஏரியில் போகிறவர்கள் 20 அங்குலத்துக்குக் குறைந்த பின்பலகை வாங்க வேண்டாம். பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் நடு இருக்கைக்கு அடியில் கொண்டுவந்து கட்டிவிடுங்கள். நீளமான வயர் வேண்டும். அதற்கேற்பத் தடித்த வயராகப் போடுங்கள்.

புகுந்த தண்ணீரின் எடையும் கணக்குத்தான். உட்தரை 4 மீற்றர் நீளம், 1.4 மீற்றர் அகலம் என்றால் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் 560 லீற்றர், அதாவது 560 கிலோ. அது ஓரிடத்தில் நிற்காது. படகு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே முழுவதும் ஓடும். மணிக்கு 500 கலன் என்று எழுதிய சிறிய பம்ப், குழாய் உயரத்தையும் வளைவையும் கழித்தால், 200 லீற்றரை வெளியேற்ற பத்து நிமிடம் எடுக்கலாம். 1000 கலனுக்கு மேற்பட்டதைப் போடுங்கள். 10 லீற்றர் வாளி ஒன்றைக் கயிறு கட்டி வைத்திருங்கள். வாளி விரைவானது.

நங்கூரத்தைக் கடையாரில் ஒருபோதும் கட்டாதீர்கள். கயிறு இழுத்துப் பிடிக்க, படகு எழும்ப முடியாமல், ஒவ்வொரு அலையும் பின்பலகைமேல் ஏறும். அணியத்தில் மட்டும் கட்டுங்கள். ஆழம் 6 மீற்றர், அணியத்தின் உயரம் 1 மீற்றர் என்றால் கூட்டி 7. காற்று நாளில் அதன் ஏழு மடங்கு, 49 மீற்றர் கயிறு விட வேண்டும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே 2 மீற்றர் சங்கிலி இருந்தால் நங்கூரம் படுத்துப் பிடிக்கும்.

கேள்வி: பழைய படகு ஒன்று பார்த்திருக்கிறேன். ரிவெட் அடித்ததா, வெல்டிங் செய்ததா நல்லது? எதைப் பார்த்து வாங்குவது? (மார்க்கம் வாசகர்)

பதில்: இரண்டிலும் நல்லது உண்டு. ரிவெட் படகு சற்று வளைந்து கொடுக்கும். காலப்போக்கில் ரிவெட் தளர்ந்து கசியும். ஆனால் வீட்டிலேயே திருத்தலாம். வெல்டிங் படகு இறுக்கமானது, கசியாது. ஆனால் வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகம் பலம் குறைந்துவிடுவதால், வெடிப்பு வந்தால் வெல்டிங் கோட்டின் ஓரத்தில் வரும். அதற்கு அலுமினிய வெல்டிங் தெரிந்தவர் வேண்டும்.

அடித்தகடு 2.5 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, இருந்தால் 16 அடிக்குப் போதும். தகட்டின் தடிப்பைவிட வடிவமே அலையில் பேசும். தட்டையான அடி கொண்ட ஜோன் படகு ஆற்றுக்கும் குளத்துக்கும் உரியது. அதில் சிம்கோவின் நடுவுக்குப் போக வேண்டாம். அணியம் கூராகவும், ஆழமான ‘வி’ வடிவம் கடையார் வரை தொடர்ந்தும், பக்கச் சுவர் உயர்ந்தும் இருப்பதைத் தேடுங்கள்.

பார்க்கும்போது முதலில் பின்பலகை. உள்ளே 38 மில்லிமீற்றர் பிளைவுட் இருக்கும். வெளியே அலுமினியம் மூடியிருப்பதால் உக்கினாலும் தெரியாது. மோட்டாரை உயர்த்திப் பிடித்து அதன் அடிப்பாகத்தைப் பலமாகக் கீழே அழுத்துங்கள். பின்பலகை அசைந்தாலோ, மோட்டார் பிடிப்பின் திருகுகளைச் சுற்றித் தகடு அமுங்கினாலோ பலகை போய்விட்டது. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்றும் உக்கிய மரம் சப்பென்றும் கேட்கும்.

இரண்டாவது, தரைக்கு அடியில் உள்ள நுரை. 6 மீற்றருக்கு உட்பட்ட படகுகளில் தண்ணீர் நிரம்பினாலும் மிதப்பதற்காக நுரை வைப்பார்கள். பழைய பொலியூரத்தேன் நுரை ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தண்ணீரைக் குடித்துவிடும். அப்போது அது மிதக்க வைக்காது, உள்ளே மறைந்திருக்கும் சுமையாகிவிடும். லொறி எடை போடும் இடத்தில் ட்ரெய்லரோடு நிறுத்திப் பாருங்கள். ட்ரெய்லர், மோட்டார் எடையைக் கழித்தால் வருவது, அந்த மாதிரிக்குத் தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஐம்பது, நூறு கிலோ கூட என்றால் நுரையில் தண்ணீர். பெரும்பாலும் தரையைக் கழற்றி நுரையை மாற்ற வேண்டிவரும்.

மூன்றாவது, உள்ளே ஒட்டியிருக்கும் சிறு தகடு. எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை குதிரைவலு என்று அதில் இருக்கும். அந்த எண்கள் நல்ல காலநிலைக்கு உரியவை. அலை நாளில் ஐந்து பேர் என்று போட்ட படகில் மூன்று பேருக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: ரிவெட் படகு. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வாளி தண்ணீர் வருகிறது. சிலிக்கன் பூசினேன், ஒரு மாதத்தில் கழன்றுவிட்டது. (பிராம்ப்டன் வாசகர்)

பதில்: சிலிக்கன் ஈரமான அலுமினியத்தில் நிற்காது. அதைவிடத் தொல்லை, அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது. முதலில் அதைச் சுரண்டி, அசெற்றோன் போட்டுத் துடைத்து எடுங்கள்.

பிறகு ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். படகை ட்ரெய்லரில் வைத்து, வடிகால் அடைப்பை மூடி, உள்ளே 5 முதல் 8 சென்ரிமீற்றர் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்; ட்ரெய்லரும் படகின் அடியும் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல. வெளியே படுத்துப் பார்த்தால் சொட்டும் ரிவெட் தெரியும். மெழுகுப் பென்சிலால் வட்டமிடுங்கள். தண்ணீரை வடித்து முழுதாகக் காயவிடுங்கள்.

தளர்ந்த ரிவெட்டை மறுபடி இறுக்குவதுதான் முதல் வைத்தியம். இரண்டு பேர் வேண்டும். வெளியே ரிவெட் தலைக்குப் பொருந்தும் குழிவான முனையை வைத்து ஒருவர் அடிக்க, உள்ளே இரண்டு மூன்று கிலோ இரும்புக் கட்டியை வாலோடு அழுத்தி மற்றவர் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு குறுகிய அடி போதும். கூடுதலாக அடித்தால் துளை பெருத்துவிடும். இறுகாத ரிவெட்டைத் துளைத்து எடுத்து, கொஞ்சம் பெரிய அலுமினிய ரிவெட்டைப் போடுங்கள். உள்ளே கை போகாத இடத்தில் மட்டும் அடி மூடிய வகை பொப் ரிவெட், 3எம் 5200 போன்ற கடல் பசையில் தோய்த்து. கடையில் மலிவாகக் கிடைக்கும் திறந்த பொப் ரிவெட்டின் நடுவே துளை இருக்கும். இரும்புத் தண்டும் உள்ளே தங்கிவிடும். தண்ணீரும் வரும், அரிப்பும் வரும். அந்தப் பசை முற்றாகக் காய ஐந்து முதல் ஏழு நாள் எடுக்கும். அதற்கு முன் ஏரியில் இறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு உட்புறப் பொருத்துகளில் குளுவிட் என்ற எபொக்சியைப் பூசலாம். தளர்ந்த ரிவெட்டை இறுக்காமல் அதன்மேல் மட்டும் பூசுபவர்கள் அடுத்த ஆண்டும் பூசுவார்கள்.

கேள்வி: தரைக்குப் புதிய பலகை போட்டு இரண்டு ஆண்டுதான். அடியில் வெள்ளைத் தூளும் குழிகளும். நல்ல தண்ணீரில்கூட அலுமினியம் அரிக்குமா? (ஓஷவா வாசகர்)

பதில்: அரிக்கும். நீங்கள் போட்டது முற்றத்து மேடை கட்டும் பச்சை நிறப் பலகை என்று நினைக்கிறோம். அது உக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றியது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டால் பற்றரி போல வேலை செய்து அலுமினியம் கரையும். அந்தப் பலகையை இந்த வாரமே கழற்றுங்கள். சாதாரண கடல் பிளைவுட்டை எல்லா ஓரத்திலும் எபொக்சி பூசிப் போடலாம்.

அதே காரணத்தால், அடியில் விழுந்து கிடக்கும் ஈயக் குண்டு, தூண்டில், பழைய செப்புச் சதம் எல்லாவற்றையும் பருவத் தொடக்கத்தில் பொறுக்கி எடுங்கள். ஈரச் சேற்றில் கிடக்கும் ஒரு சதம் போதும், தகட்டில் குழி விழ. துருப்பிடிக்காத எஃகு ஆணி போடும்போது இடையில் பிரிக்கும் பசை தடவுங்கள். பற்றரியின் எதிர் முனையைப் படகின் உடலில் இணைக்கவே வேண்டாம். எல்லா மின்சாரத்துக்கும் இரட்டை வயர். மோட்டார் அரிக்காமலிருக்கத் தான் கரைந்துபோகும் தியாக உலோகத் துண்டு, நல்ல தண்ணீருக்கு மக்னீசியம், கடலுக்குத் துத்தநாகம். ஏரியில் துத்தநாகம் மேலே படலம் பிடித்து வேலை செய்யாமல் போய்விடும்.

கேள்வி: அலையில் மோட்டார் திடீரென்று அலறுகிறது, பிறகு சில நேரம் நின்றும் போகிறது. கரையில் நன்றாகத்தான் ஓடுகிறது. (மிசிசாகா வாசகர்)

பதில்: இரண்டு நோய். அலறுவது, முகட்டில் கடையார் தூக்கும்போது விசிறி காற்றைப் பிடிப்பதால். ட்ரிம்மை உள்ளே எடுங்கள். அதற்கும் தீராவிட்டால் மோட்டாரை ஒரு துளை கீழே இறக்கி மாட்டுங்கள். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது அதிகம் போனால் ஓர் அங்குலம் மேலே இருக்கலாம். நான்கு இதழ் விசிறி மூன்று இதழைவிட அலையில் நன்றாகப் பிடிக்கும். உச்ச வேகத்தில் கொஞ்சம் இழப்பீர்கள்.

நின்றுபோவது பெற்றோலால். அமைதியான நீரில் தாங்கியின் அடியில் படுத்திருக்கும் தண்ணீரையும் கசடையும் அலை கலக்கி மேலே அனுப்புகிறது. எதனோல் கலந்த பெற்றோல் குளிர்காலம் முழுவதும் நின்றிருந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் இறங்கியிருக்கும். பழையதை வெளியேற்றி, தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரோன் வடிகட்டி ஒன்று பொருத்துங்கள். கைத்தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது மூடியிருந்து மோட்டார் நின்ற கதைகள் ஏராளம்.

நடு ஏரியில் நின்றுவிட்டால் மோட்டாரின் மூடியைக் கழற்றுமுன் அணியத்திலிருந்து நங்கூரத்தை இறக்குங்கள். ஆழம் கூடினால் துணிப் பை போன்ற மிதவை நங்கூரத்தை 15 மீற்றர் கயிற்றில் விடுங்கள். அதுவும் இல்லையென்றால் கயிறு கட்டிய வாளி. அணியம் அலையைப் பார்த்து நின்ற பிறகு மோட்டாரைப் பாருங்கள். எல்லோரும் தரையில் அமரட்டும்.

கேள்வி: பொலிஸ் மறித்தால் என்னென்ன காட்ட வேண்டும்? (வோன் வாசகர்)

பதில்: மோட்டார் பூட்டிய படகை ஓட்டுபவரிடம், ஓட்டும் தகுதியைக் காட்டும் இயக்குநர் அட்டை. 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் படகுக்கு உரிமம், அந்த எண் அணியத்தின் இரு பக்கமும். 6 மீற்றருக்கு உட்பட்ட படகில் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட், 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறு பூட்டிய நங்கூரம், வாளி அல்லது கைப் பம்ப், நீர் புகாத டோர்ச் அல்லது மூன்று தீச்சமிக்ஞை, விசில், இருட்டினால் விளக்கு. நிலையான பெற்றோல் தாங்கி இருந்தால் தீயணைப்பானும் வேண்டும். காற்று நிரம்பும் வகை லைஃப் ஜாக்கெட் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஏற்கப்படாது. திறந்த படகில் அதை அணிந்திருந்தால் மட்டுமே கணக்கில் சேரும்.

கேள்வி: மே மாதம் வெயில் 25 பாகை. நன்றாக நீந்துவேன். லைஃப் ஜாக்கெட்டை இருக்கையில் வைத்தால் போதாதா? (ஸ்காபறோ வாசகர்)

பதில்: போதாது. வெயில் 25 பாகை என்றாலும் தண்ணீர் 8 பாகையாக இருக்கலாம். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெக்ற் குளிர்நீர் பற்றிச் சொல்லும் கணக்கு 1, 10, 1. விழுந்ததும் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது; அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் போனால் உள்ளே இழுப்பது தண்ணீர். அடுத்த பத்து நிமிடத்துக்குத்தான் கைவிரல்கள் சொன்னதைக் கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் வரை ஆகும். ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் பெரும்பாலும் அந்த மணித்தியாலத்தை அடைவதே இல்லை. விழுந்த பிறகு அலையில் மிதந்துகொண்டு அதை அணிவது, நல்ல நீச்சல்காரருக்கும் முடியாத வேலை. கரையில் வைத்தே போட்டுப் பட்டியை இறுக்குங்கள். மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவர் கையிலோ காலிலோ மாட்டுங்கள். தண்ணீரில் விழுந்தவரை ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து இடிக்கும். படகு கவிழ்ந்தாலோ நிரம்பினாலோ அதை விட்டு நீந்தாதீர்கள். உடலின் எவ்வளவு பகுதியை அதன்மேல் ஏற்ற முடியுமோ ஏற்றுங்கள்.

கேள்வி: எத்தனை நொட் காற்றில் போகலாம், எத்தனையில் போகக்கூடாது? (பிக்கரிங் வாசகர்)

பதில்: 16 அடித் திறந்த படகுக்கு எங்கள் கணக்கு இது. ஒரு நொட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர். 10 நொட் வரை போகலாம். 15 நொட் என்றால் காற்று மறைப்பான குடாவுக்குள் மட்டும். 20 நொட்டிலிருந்து கனடிய வானிலைத் துறை பலத்த காற்று எச்சரிக்கை விடுகிறது. அன்று ட்ரெய்லர் வீட்டில் நிற்கட்டும். முன்னறிவிப்பில் 1 மீற்றர் அலை என்று போட்டால், அது உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதன் இரு மடங்குக்குக் கிட்ட வரலாம்.

இன்னொன்று, படகு இறக்கும் இடத்தில் நின்று தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஊரில் கச்சான், கொண்டல் என்று திசையைப் பார்த்தே வள்ளம் தள்ளுவார்கள். இங்கும் காற்று கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசினால் கரையோரம் கண்ணாடி போல இருக்கும். எல்லாம் அமைதி என்று நினைத்துப் பத்துக் கிலோமீற்றர் போவீர்கள். தூரம் கூடக் கூட அலை வளரும். போகும்போது பின்னலை என்பதால் தெரியாது. திரும்பும்போது முழு அலையும் முகத்துக்கு நேரே. ஆகவே முடிந்தவரை காற்று வரும் திசையை நோக்கி முதலில் போங்கள். களைத்துத் திரும்பும்போது அலை உங்களைக் கரைக்குக் கொண்டுவரட்டும். பெற்றோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க.

கேள்வி: இங்குள்ள அலுமினியப் படகு ஒன்றை வல்வெட்டித்துறையில் உள்ள உறவினருக்கு அனுப்பினால் பயன்படுமா? (மொன்றியல் வாசகர்)

பதில்: அனுப்ப வேண்டாம். உப்பு நீரைத் தாங்கும் அலுமினியக் கலவைகள் உண்டு, ஆனால் ஏரிக்குச் செய்த ரிவெட் படகில் உப்பு நீர் பொருத்துகளுக்குள் தங்கி அரிக்கும். திருத்துவதற்கு ஆர்கன் வாயு வைத்து அலுமினியம் வெல்டிங் செய்பவரைத் தேடி அலைய வேண்டும். ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் வாங்கி அன்று மாலையே கரையில் வைத்து அடைத்துவிடுவார்கள். அனுப்பும் செலவுக்கு நல்ல லைஃப் ஜாக்கெட்டுகளும் படகிலிருந்து பேச உதவும் ஒரு வி.எச்.எஃப் வானொலியும் வாங்கிக் கொடுக்கலாம். வானொலிக்கு அங்குள்ள அனுமதி முறையை முதலில் அவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள்.